‘கொஞ்சம் ஒப்ளைஜ் பண்ணுங்க மேடம்’

பழுத்துக் கறுக்கத் தொடங்கிய வாழைப்பழத்தின் வாசனை. நேற்று என் மகள் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாள். வீடு முழுக்க அது நடந்து போனது. அவளுக்கு அது கல்யாண வீட்டு வாசனை. எனக்கோ, யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்ற வாசனை. தோல் பதனிடும் டேனரிகளில் தோலுக்குக் கடைசியாக ஒரு பளபளப்புப் பூச்சு அடிப்பார்கள், லாக்கர் என்று பெயர். அது காயும்வரை இதே வாசனைதான் வரும். காய்ந்ததும் போய்விடும். ஸ்ப்ரே அறையின் வாசலில் நின்று மூச்சை இழுத்து, இந்தத் தோல் எப்போது முடிந்தது என்று கணக்குப் போட்டே என் பாதி வயது போயிற்று. மற்றவர்கள் பூ வாங்கும்போது முகர்ந்து பார்ப்பார்கள். நான் மனிதர்களைப் பார்க்கும்போதே முகர ஆரம்பித்துவிட்டேன்.

தோல் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். தோல் வாங்கும் நம் கம்பெனி ஆம்பூர் ஆபீஸை மூடிக்கொண்டு சென்னைக்குப் போனபோது நான் கூடப் போகவில்லை. ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களோடு இங்கேயே நின்றுவிட்டேன். கனத்தை எப்படி அளப்பது, நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது, இதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த டேனரிக்குப் போனாலும் அது உங்களுக்கு முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஒப்ளைஜ்.

நமக்கெல்லாம் அது பள்ளிக்கூட லீவ் லெட்டரில் அறிமுகம். காய்ச்சல் என்று எழுதி, லீவ் கொடுக்கும்படி எழுதி, கடைசியில் ‘கைண்ட்லி ஒப்ளைஜ்’ என்று முடித்தால் டீச்சர் கையெழுத்துப் போடுவார். குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில், அர்த்தம் தெரியாமலேயே, சாமிக்குக் கற்பூரம் காட்டுகிற மாதிரி அதை எழுதிப் பழகினேன். வேலைக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. எல்லா மெயிலின் வாலிலும் அதைக் கட்டித் தொங்கவிட்டேன்.

எனக்கு மேலே இருந்த அதிகாரி ஒரு நாள் கூப்பிட்டார். நல்லவர் என்று சொல்ல முடியாது. யார் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறார்கள் என்று விசாரிக்கிற ஆள்.

“கைண்ட்லி ஒப்ளைஜ்னு போட்டிருக்கியே, இன்னா அர்த்தம்?”

“உதவி பண்ணுங்கன்னு சார்.”

“அவ்ளோதானா? போய் டிக்‌ஷனரியப் பாத்துட்டு வா.”

பார்த்தேன். முதலில் இருந்தது கட்டாயப்படுத்துவது, சட்டத்தாலோ கடமையாலோ ஒருவரைப் பிணைப்பது. உபகாரம் செய்வது என்பது அதற்குக் கீழே, வாடகைக்கு வந்தவனைப்போல ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. சொல்லின் பூர்வீகத்தில் ஒரு கயிறு இருக்கிறதாம், கட்டுவது என்று பொருளாம்.

“இப்ப சொல்லு. அவங்ககிட்ட உதவி கேட்டியா, என்னைக் கட்டிப் போடுங்கன்னு கேட்டியா?”

அன்றோடு எழுதுவதை நிறுத்தினேன். கேட்பதை நிறுத்த முடியுமா? சில்லறை இல்லாத கண்டக்டர், ஜெராக்ஸ் கடையில் வரிசையைத் தாண்டி நிற்கும் ஆள், ரிப்போர்ட்டை நாளைக்குப் பதில் இன்றே கேட்கும் ஏஜென்ட், எல்லார் வாயிலும் ‘ஒப்ளைஜ் பண்ணுங்க’தான். போகப் போக ஒன்று கவனித்தேன். அது சின்னவர் பெரியவரிடம் சொல்கிற சொல். பெரியவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. அவர்கள் கேட்பதே இல்லை. முதலில் கொடுத்துவிடுகிறார்கள்.

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் மழைக்கு எனக்கு ஒரு குடை கொடுத்தார்கள். நல்ல குடை. திருப்பிக் கொடுக்கப் போனால், இருக்கட்டும் மேடம் என்றார்கள். அடுத்த முறை அங்கே தோலின் கனத்தை அளந்துகொண்டிருக்கிறேன், முள் கம்மியாகக் காட்டுகிறது. பின்னாலிருந்து சாதுவாக ஒரு குரல்: “கொட நல்லா இருக்கா மேடம்?” அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என் கை மீட்டரில் இருந்தது. குடை என் தலைக்கு மேல் விரிந்து நின்றது.

அதன்பிறகு தண்ணீர் தவிர எதையும் யாரிடமும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு டப்பாவும் குடையும் என்னுடையவை. ஆனால் உயிர் விஷயம் என்று வந்தால் வைராக்கியம் இளகிவிடும். என் கணவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. காட்பாடிப் பக்கம் ஒரு கிளினிக்கில் அதற்குப் பேர்போன டாக்டர். தேதி கிடைக்கவே மாதக்கணக்காகும். ஆம்பூரில் நான் போய்வந்த ஒரு தொழிற்சாலையின் மேனேஜர் எப்படியோ இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். ஒரு நாள் கிளினிக்கிலிருந்தே போன் வந்தது. இந்த வாரம் வாங்க, சார் சொல்லியிருக்கார். நான் கேட்கவில்லை. போகாமலும் இருக்கவில்லை. கணவரின் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லும் நாக்கு எனக்கு இல்லை.

அந்த மேனேஜரின் தொழிற்சாலையில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

ஐப்பசி மழை. ஷூவுக்கான பழுப்புத் தோல் ஒரு லாட் தயாராகி நின்றது. நான் வரவேண்டிய நாளை ஒரு நாள் முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார்கள், தொழிற்சாலை கேட்டதாம். எனக்கு அப்போதே ஒரு நெருடல். பரிசோதகரைத் தள்ளி வரச் சொல்வார்கள். முன்னால் வரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கடைசிப் பூச்சு அடிக்கும் ஃபினிஷிங் ஷெட் வாசலில் முருகேசன் நின்றிருந்தார். அங்கே ஃபோர்மேன். நெமிலிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். மனைவியும் அதே காம்பவுண்டில் ஷூ தைக்கும் பிரிவில் வேலை. என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மேடம், இன்னிக்குத் தேய்க்காதீங்க. நாளைக்குத் தேய்ங்க. கொஞ்சம் ஒப்ளைஜ் பண்ணுங்க மேடம்.”

தேய்ப்பது என்றால் இதுதான்: ஈரமான வெள்ளை ஃபெல்ட் துணியைத் தோலின்மேல் வைத்து மெஷின் தேய்க்கும். துணியில் சாயம் ஒட்டினால் தோல் தோற்றது.

“ஏன், இன்னிக்கு இன்னா?”

“நேத்து ராத்திரிதான் லாக்கர் அடிச்சோம். இந்த மழையில எங்க காயும்?”

“முன்னாடியே அடிக்கறதுக்கு இன்னா கேடு?”

“லாக்கர் ஸ்டோர்ல இருந்து வரணும் இல்ல மேடம்? கேட்டுக் கேட்டு பேஜாராய்ட்டேன். நேத்து பொழுது போனப்புறம்தான் தந்தாங்க.” குரலைத் தாழ்த்தினார். “இந்த லாட் ஃபெயிலாச்சுன்னா ஃபினிஷிங்க மூடிட்டு வெளிய குடுத்துடுவாங்களாம். மீட்டிங் போட்டே சொல்லிட்டாரு மேனேஜர். என் கீழ இருக்கறவங்க எல்லாம் வீட்டுக்குத்தான். நானும்.”

எல்லா ஊரிலும் எல்லா ஃபோர்மேனும் லாட் தோற்றால் சோறு போய்விடும் என்றுதான் சொல்வார்கள். பாதி நிஜம், பாதி என்னைக் கரைக்கப் பார்ப்பது. எது எந்தப் பாதி என்று பார்ப்பதுதான் நம் வேலை. உள்ளே போனேன்.

மேனேஜர் ஏற்கனவே மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். ஃபெல்ட் நனைத்துத் தயாராக இருந்தது.

“வாங்க மேடம். ஆரம்பிச்சிடலாமா?”

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ நின்றது. புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது, ஆகையால் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் எந்த டேனரிக்குப் போனாலும் பரிசோதகரை உடனே தோலிடம் விடமாட்டார்கள். முதலில் டீ. அப்புறம் முதலாளியின் ரூம். அப்புறம் புது மெஷினைப் பாருங்கள். அப்புறம் பிரியாணி வருது, கத்திரிக்காயோட வருது, இருங்க. நாம் எதையும் சாப்பிடாவிட்டாலும் உட்கார வைத்தே தீருவார்கள். அது மரியாதை மட்டும் இல்லை. நாம் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அங்கே தோல் காய்ந்துகொண்டிருக்கிறது. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அன்று எனக்கு டீ வரவில்லை. உட்காரச் சொல்லவில்லை. தன் சொந்தத் தோலை ஈரத்தோடு என் கையில் கொடுக்க ஒரு மேனேஜர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்?

“ஃபோர்மேன் நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றாரே சார்.”

“அவன் சொல்லுவான். நீங்க உங்க டூட்டியப் பண்ணுங்க மேடம். எங்களுக்காக ஒண்ணும் பாக்காதீங்க.”

எவ்வளவு நல்ல வாக்கியம். இத்தனை வருஷத்தில் ஒரு மேனேஜர்கூட என்னிடம் சொல்லாத வாக்கியம். அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

அடுக்கிலிருந்து மேலே கிடந்த தோல்களை எடுத்தேன். பழக்கம், மூக்குக்குக் கொண்டுபோனேன். வாழைப்பழம் இல்லை. வெறும் தோல் வாசனை. கீழே கையை விட்டு ஒன்றை உருவினேன். அது நகப்பூச்சுக் கடை மாதிரி அடித்தது.

“முருகேசன், இங்க வாங்க. மேல இருக்கற இது எந்த லாட்?”

“இதான் மேடம்.”

“மோந்து பாருங்க.”

அவர் மோந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

“போன மாசத்துது. மேல கொஞ்சம் வெச்சேன்.”

“நாளைக்கு வாங்கன்னு என்னக் கேட்டுட்டு, இதையும் பண்ணீங்களா?”

“நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு தோணிச்சி மேடம். பயம்.”

எனக்குக் கோபம் வந்தது. கெஞ்சிய வாயைக் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தேன், அதுதான் கோபம். மேனேஜர் பக்கம் திரும்பினேன். தன் தொழிற்சாலையில், வாங்குபவரின் ஆள் கண்முன்னால், திருட்டுத்தனம் பிடிபட்டிருக்கிறது. அவர் முகம் வெளுத்திருக்க வேண்டும். வெளுக்கவில்லை.

“பாத்தீங்களா மேடம்? இதான் இவனோட லட்சணம். இவன வெச்சிக்கினு நான் எப்டி எக்ஸ்போர்ட் பண்றது?” அதைச் சொல்லும்போது அவர் உதட்டோரம் இனித்தது.

நான் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். “இது ஃபெயிலானா இனிமே எங்க ஃபினிஷ் பண்ணுவீங்க?”

“வாலாஜாவுல புதுசா ஒரு யூனிட் வந்திருக்கு. நல்ல லைன்.”

“யாரோடது?”

“தெரிஞ்சவங்கதான்.”

“அவரு மச்சானுது மேடம்,” என்றார் முருகேசன், தரையைப் பார்த்தபடியே.

மேனேஜர் சிரித்தார். “மச்சானா இருந்தா இன்னா? குவாலிட்டி குவாலிட்டிதானே?” பிறகு அதே மூச்சில், அதே சிரிப்பில், “அது கெடக்கட்டும், வீட்ல சார் எப்டி இருக்கார்? அடுத்த வாரம் டாக்டர்கிட்ட மறுபடி போகணும் இல்ல?”

குடை விரிந்தது.

அந்த நிமிஷத்தை உங்களுக்கு அப்படியே காட்ட முடிந்தால் போதும், வேறு எந்தப் பாடமும் வேண்டாம். ஒருவர் வெளிப்படையாகச் சலுகை கேட்கிறார், கேட்டுக்கொண்டே ஏமாற்றுகிறார். இன்னொருவர் கடமையைச் செய் என்கிறார், அந்தக் கடமைதான் அவருக்கு வேண்டிய சலுகை. நான் இப்போதே தேய்த்தால் கண்டிப்பான பரிசோதகர் என்று பெயர் வரும், தோலும் தோற்கும், என் கணவருக்கு டாக்டரும் கிடைப்பார். யாருக்கும் நான் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. என் கை சுத்தமாக இருக்கும்போதே கட்டப்பட்டிருக்கும். லாக்கரை அவர் வேண்டுமென்றே நிறுத்தி வைத்தாரா? இன்றுவரை என்னிடம் அதற்குச் சாட்சி இல்லை. டீ வரவில்லை என்பதெல்லாம் ஒரு சாட்சியா என்று கேட்டால், இல்லைதான்.

இரண்டு மனிதர்களையும் நம்ப முடியாதபோது தோலைத்தான் கேட்க வேண்டும். தோல் என்ன கேட்கிறது? ஈரம் இல்லாத காற்றில் ஆறியபிறகு என்னைத் தேய் என்கிறது. நம் விதியிலும் அப்படித்தான் இருக்கிறது. டேனரிக்காரர்களே நம்மை உட்கார வைத்து அதைப் பார்த்துக்கொள்வதால் யாரும் அந்த விதியை எடுத்துப் படிப்பதில்லை. முருகேசன் சலுகையாகக் கேட்டது அவர் கேட்காமலே கிடைத்திருக்க வேண்டியது.

போன மாதத்துத் தோல்களைத் தனியாகத் தள்ளினேன். அடுக்கின் நடுவிலிருந்து நானே சில தோல்களை உருவி, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆனால் மழைநாளில் ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது? அந்தக் காம்பவுண்டிலேயே ஒரே ஒரு இடத்தில்தான் ஏ.சி. இருந்தது.

“சார், கொஞ்சம் ஒப்ளைஜ் பண்ணுங்க,” என்றேன். நான் அந்தச் சொல்லை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. “இதையெல்லாம் நாளைக்கு வரைக்கும் உங்க ரூம்ல தொங்க விடணும்.”

“என் ரூம்லயா?”

“விதி சார். டூட்டி.”

“அப்ப நான் எங்க ஒக்கார்றது?”

“அது தெரியல சார். ரூம் சாவி என்கிட்ட இருக்கணும்.”

ஷெட்டில் யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்று இப்போதும் சந்தேகம். மேனேஜர் மறுத்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால், தன் தோலைக் காயவைக்க மாட்டேன் என்று ஒரு மேனேஜர் எப்படிச் சொல்வார்? அவருடைய காலண்டர் ஆணியிலும் ஜன்னல் கம்பியிலும் நாற்காலி முதுகிலும் பழுப்புத் தோல்கள் தொங்கின. கதவைப் பூட்டினேன். அவர் கேன்டீனில் போய் உட்கார்ந்தார். இரவெல்லாம் ஏ.சி. ஓடியது.

மறுநாள் மாலை கதவைத் திறந்து முகர்ந்தேன். வாசனை போயிருந்தது. தேய்த்தோம். ஃபெல்ட் வெள்ளையாக வந்தது. ஒன்றில் மட்டும் மெல்லிய நிழல், அதுவும் அனுமதித்த அளவுக்குள்தான். முருகேசன் மெஷினைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்து நின்றிருந்தார். ‘ஆச்சு’ என்றேன். அப்போதும் திரும்பவில்லை.

ரிப்போர்ட்டில் பாஸ் என்று எழுதினேன். மேலே வேறு லாட்டின் தோல் வைக்கப்பட்டிருந்ததையும் எழுதினேன். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று முருகேசன் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அதற்காக அவருக்கு எச்சரிக்கை மெமோ கிடைத்தது. ஃபினிஷிங் ஷெட் மூடப்படவில்லை. லாக்கர் ஏன் தாமதமாக வந்தது என்றும் ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தேன். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து போன். டாக்டர் வெளியூர் போகிறார், தேதி மாறுகிறது, நாங்களே கூப்பிடுகிறோம். கூப்பிடவில்லை. நிஜமாகவே அவர் வெளியூர் போயிருக்கலாம். பிறகு எல்லாரையும்போல விடியலில் போய் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினோம். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு என் கணவர் சொன்னார்: “உன் டூட்டி நல்லாத்தான் இருக்குது. நாற்காலிதான் கொஞ்சம் கட்டையா இருக்கு.” அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, வருத்தத்தோடு சொன்னாரா என்று அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். சந்தேகப்படுகிற தொழிலில் இருப்பவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது அதைச் செருப்போடு விட்டுவர முடிவதில்லை. நீங்களாவது முயன்று பாருங்கள்.

லாட் பாஸான அந்த மாலைக்கே திரும்பிவருகிறேன். மழை விட்டிருந்தது. கேட்டை விட்டு வெளியே வந்து ஸ்டேஷனுக்கு நடந்தேன். பின்னால் பைக் சத்தம். முருகேசன்.

“ஏறுங்க மேடம், ஸ்டேஷன்ல விட்டுடறேன்.”

“வேணாம். நடந்துக்கறேன்.”

“சும்மாதான் மேடம், ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். போய்விடுவார் என்று நினைத்தேன். அதைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். “அப்ப நானும் நடக்கறேன். நடக்கறதுக்கு உங்க ரூல்ல ஒண்ணும் இல்லயே?”

கொஞ்ச தூரம் சேற்றைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். ஷூ கம்பெனிப் பெண்கள் ஷிஃப்ட் விட்டு வேன்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவி எதிரே வந்தார். கணவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்த்து, “வண்டிக்கு இன்னாச்சு?” என்றார்.

“மேடம் ஏற மாட்டேன்றாங்க.”

“அதுக்கு நீ ஏன் நடக்கற?” என்று கேட்டுவிட்டு அந்தம்மா சிரித்துக்கொண்டே வேன் பக்கம் போனார். முருகேசனும் முதல் முறையாகச் சிரித்தார்.

ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றோம். வண்டி வருவதாக அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“மேல வெச்ச தோலப் பத்தி எழுதிட்டீங்க. சரி. அடுத்த லாட்டுக்கு வருவீங்க இல்ல?”

“வருவேன். ஃபெயிலானா ஃபெயில்னுதான் எழுதுவேன்.”

“எழுதுங்க.” ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “எம்மேல சந்தேகம் இன்னும் போகல இல்ல மேடம்?”

“போகல முருகேசன்.”

“அப்டியே வெச்சிக்கங்க மேடம். பாத்துப் போய்ட்டு வாங்க.”